கொல்லைப்புறத்தில் ஒரு கால்வாய்

ஷாங்காயில் வேலை நிமித்தம் குடியிருக்கும் நம்மவர் வீடுகளில், ஊரிலிருந்து பெரியவர்கள் யாராவது வந்து இறங்கினால் மறுநாளே ஒரு விவாதம் தொடங்கிவிடும்: இவர்களை எந்தக் கால்வாய் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவது? யாங்சி ஆற்றின் கழிமுகச் சமவெளியில் அப்படிப்பட்ட ஊர்களுக்குப் பஞ்சமில்லை. ஜோவ்ஜுவாங், தோங்லி, வூஜென், ஷிதாங், நான்ஷுன் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றிலும் கல் பாலம், கறுத்த ஓடு வேய்ந்த வெள்ளைச் சுவர் வீடுகள், தாழ்வாரத்தில் தொங்கும் சிவப்பு விளக்குகள். படங்களைக் கலைத்துப் போட்டால் எது எந்த ஊர் என்று அந்தந்த ஊர்க்காரர்களே தடுமாறுவார்கள்.

பெயர் பெற்றது என்னவோ ஜோவ்ஜுவாங்தான். அதற்குக் காரணம் ஓர் ஓவியம். சென் யீஃபெய் என்ற ஓவியர் அந்த ஊரின் இரட்டைப் பாலத்தை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். அமெரிக்க எண்ணெய் அதிபர் ஆர்மண்ட் ஹாமர் அதை வாங்கி, 1984இல் சீனா வந்தபோது சீனத் தலைவர் டெங் சியாவ்பிங்குக்குப் பரிசாகக் கொடுத்தார். அதன் பிறகு அந்த ஊருக்குப் போகும் சுற்றுலாப் பேருந்துகளுக்கு ஓய்வே இல்லை. இப்போது ஊருக்குள் கால் வைப்பதற்கே சீட்டு எடுக்க வேண்டும்.

நாங்கள் போனது ஜூஜியாஜியாவ். அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம் என்று பொய் சொல்ல மாட்டேன், மெட்ரோவைப் பார்த்துத்தான். 2017 டிசம்பர் 30ஆம் தேதி ஷாங்காய் மெட்ரோவின் 17ஆம் தடம் திறந்ததிலிருந்து, ஹோங்சியாவ் ரயில் நிலையத்தில் ஏறி உட்கார்ந்தால் முக்கால் மணி நேரத்துக்குள் அந்த ஊர் நிலையத்தில் இறங்கிவிடலாம். தெருக்களில் நடக்கக் கட்டணம் கிடையாது. தோட்டம், காட்சிக்கூடம் என்று ஏதாவதற்குள் நுழைந்தால்தான் சீட்டு. முடியவில்லை என்றால் மதியமே திரும்பிவிடலாம். இந்தக் கடைசி வசதிதான் எனக்கு முக்கியம். எங்களோடு வந்தவர் என் மாமியார்; முழங்கால் தேய்மானம் உள்ளவர். திருவாரூர் பக்கத்தில் பிறந்து, ஆற்றையும் வாய்க்காலையும் பார்த்தே வளர்ந்தவருக்கு இவ்வளவு தூரம் வந்து வாய்க்காலைக் காட்டுவதா என்ற யோசனையும் இருந்தது. என் கணவருக்கு அப்படி எந்த யோசனையும் இல்லை. “அம்மாவுக்குத் தண்ணியப் பாத்தா போதும்” என்றார். ஏழு வயது மகளுக்குப் படகு இருந்தால் போதும். ஓர் அக்டோபர் மாதச் சனிக்கிழமை கிளம்பினோம். அந்த மாத முதல் வாரம் தேசிய விடுமுறை. அந்த நாட்களில் மட்டும் இந்த ஊர்களின் பக்கம் தலை வைத்துப் படுக்கக்கூடாது.

17ஆம் தடம் பெரும்பாலும் தூண்களின் மேல் ஓடுகிறது. நகரம் மெல்ல விலகி, காய்கறித் தோட்டங்களும் பிளாஸ்டிக் பந்தல்களும் நடுநடுவே முப்பது மாடிக் குடியிருப்புகளும் வந்தன. எதற்கு அடுத்தாற்போல் எது வந்தாலும், நடுவில் தண்ணீர் ஒன்று குறுக்கே போனது. அத்தை ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை.

“ஏண்டா, இதெல்லாம் ஒரே ஆறா, வேற வேற ஆறா?”

“வேற வேறம்மா. எல்லாம் ஒன்னோட ஒன்னு சேந்துருக்கும்.”

“சேந்து எங்க போகுது?”

கணவர் கைபேசியில் வரைபடத்தைத் திறந்தார். நீல நரம்புகள் திரை முழுக்க ஓடின. பதில் கிடைப்பதற்குள் நிலையம் வந்துவிட்டது.

இந்தப் பள்ள நிலம் மனிதர் கையால் ஆனது. மேற்கே தாய்ஹு என்ற பேரேரி. அதன் உபரி நீர் கிழக்கே கடலுக்குப் போகும் வழியில் கிடக்கும் சதுப்பு இது. நூற்றாண்டுக் கணக்கில் இங்கே மக்கள் வாய்க்கால் வெட்டி, வெட்டிய மண்ணைக் கரையாகப் போட்டார்கள். கரைக்கு உள்ளே நெல் வயல், கரைக்கு வெளியே படகுப் பாதை. மழைக்காலத்தில் வயலைவிட வெளித் தண்ணீர் உயரமாக நிற்கும். அடுத்த கிராமத்துக்கு நடப்பதைவிடப் படகில் போவது எளிது. வாய்க்கால்கள் கூடும் இடங்களில் சந்தை கூடியது. சந்தை வளர்ந்து ஊரானது. மிங் பேரரசர் வான்லி ஆண்ட 1573-1620 காலத்தில் ஜூஜியாஜியாவ் பெரிய சந்தை நகரமாகிவிட்டது. முதலில் பருத்தித் துணி. பிறகு, சிங் ஆட்சிக் காலத்தில், அரிசி.

துணி என்றால் இந்த வட்டாரத்தில் ஹுவாங் தாவ்போவைச் சொல்லாமல் நகர முடியாது. 13ஆம் நூற்றாண்டில் பக்கத்துச் சோங்ஜியாங்கிலிருந்து தெற்கே ஹைனான் தீவுக்குப் போய்ச் சேர்ந்த ஏழைப் பெண் அவர். அங்கே லீ இன மக்களிடம் பருத்தியைக் கொட்டை நீக்குவது, அடிப்பது, நூற்பது, நெய்வது எல்லாம் கற்றுக்கொண்டு, 1295 வாக்கில் ஊர் திரும்பி அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அதிலிருந்து சோங்ஜியாங் துணி சீனா முழுவதும் போனது. அந்தப் பருத்தி இனமே இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து பரவியதுதான். அத்தையிடம் சொன்னேன். “அப்ப நம்ம சொத்துதான்” என்று ஒரே வரியில் கணக்கை முடித்தார்.

நிலையத்திலிருந்து பழைய ஊருக்கு இருபது நிமிட நடை. வழியெல்லாம் அகலச் சாலை, அடுக்குமாடி, வங்கி, கைபேசிக் கடை. ‘இதற்கா வந்தோம்’ என்று தோன்றும் நேரத்தில் கட்டடங்கள் சட்டென்று குள்ளமாகிவிடுகின்றன. ஒரு சந்து, அதில் ஒரு திருப்பம், பிறகு அகலமான பச்சைத் தண்ணீர். அதன் மேல் ஃபாங்ஷெங் பாலம்.

இந்தப் பாலத்தைப் படத்தில் பார்த்திருந்தேன், அளவு பிடிபடவில்லை. ஐந்து வளைவுகள், 70 மீட்டருக்குச் சற்று மேல் நீளம். நடு வளைவு படகு போக உயர்ந்தும் ஓர வளைவுகள் தாழ்ந்தும், ஒரு கரையில் எழுந்து மறு கரையில் இறங்கும் கல் படிக்கட்டாகவே அது இருக்கிறது. வண்டி போகிற பாலம் இல்லை. ஏறித்தான் கடக்க வேண்டும். 1571இல் ஒரு புத்தத் துறவி காணிக்கை திரட்டிக் கட்டியது. இடிந்ததை 1812இல் புதுப்பித்தார்கள். கீழே ஓடுவது சாவ்காங் ஆறு.

பாலத்தில் என்னை நிறுத்திவைத்தது அதன் தூண்கள். இவ்வளவு கல்லைத் தாங்க இவ்வளவு மெல்லிய தூண்களா? இந்தச் சேற்று நிலத்தில் கனமான தூண் வைத்தால் அதன் எடைக்கே அது அமிழ்ந்துவிடும். அதனால் இந்தப் பக்கத்துக் கொத்தர்கள் தூணை மெலித்தார்கள். ஒரு வளைவு தள்ளும் தள்ளலைப் பக்கத்து வளைவு எதிர்த்துத் தள்ளும். இரண்டும் முட்டிக்கொண்டு நிற்பதில்தான் பாலம் நிற்கிறது. ஒரு வளைவு போனால் அடுத்ததும் போகும். கல் இடுக்குகளில் மாதுளைச் செடிகள் வேர்விட்டு வளர்ந்திருக்கின்றன. அவற்றைப் பிடுங்காமல் விட்டிருப்பது அழகுக்காக என்றால் எனக்கு அதில் உடன்பாடில்லை. வேருக்கு அழகு தெரியாது.

அத்தை ஒவ்வொரு படியாக, கைப்பிடிக் கல்லைத் தடவிக்கொண்டே ஏறினார். உச்சியில் நாலு மூலையிலும் கல் சிங்கங்கள். அங்கே நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் ஓட்டுக் கூரைகள், அவற்றுக்கு நடுவே கிளை பிரிந்து உள்ளே போகும் சின்னக் கால்வாய்கள். ஊரில் பழைய கல் பாலங்கள் மொத்தம் 36 என்று கணக்குச் சொல்வார்கள். நான் எண்ணவில்லை.

பாலத்தின் அடிவாரத்தில் பிளாஸ்டிக் பைகளில் தண்ணீர் ஊற்றி, சின்னத் தங்கமீன்களை விட்டு விற்கிறார்கள். பிடிபட்ட உயிரை விடுவித்தால் புண்ணியம் என்பது இங்கே பௌத்த வழக்கம். இந்தப் பாலமே அந்தச் சடங்குக்கானது. பாலத்தடியில் மீன் பிடிக்கக்கூடாது, விட மட்டும் செய்யலாம் என்று துறவிகள் விதி வைத்திருந்தார்களாம். மகள் பையை விட்டு நகர மறுத்தாள்.

“அப்பா, நாமளும் ஒன்னு விடலாம்.”

“அது தொட்டியில வளந்த மீன்டா கண்ணு. ஆத்துல விட்டா பொழைக்காது.”

“அப்ப எல்லாரும் விடுறாங்களே?”

“விடுறதுக்காகத்தானே பிடிக்கிறாங்க. அவங்க பிடிக்கலன்னா நீ விடவே வேணாம்ல?”

ஏழு வயதுக்கு அந்தத் தர்க்கம் எடுபடவில்லை. அத்தை பேத்தியின் பக்கம் சேர்ந்துகொண்டார். மீன் விலை கொடுத்து வாங்கப்பட்டு, படித்துறையில் குனிந்து விடப்பட்டது. அது போன திசையிலேயே கொஞ்சம் தள்ளி ஓர் ஆள் நீண்ட பிடி போட்ட வலையோடு நின்றிருந்தார். குப்பை அள்ளுகிறவர் என்று மகளுக்குச் சொன்னோம். குப்பையும் அள்ளினார்தான்.

படகுக்குக் கட்டணம் ஆளுக்கு இல்லை, படகுக்கு. ஆறு பேர் வரை உட்காரலாம். எங்களுக்குக் கிடைத்த படகோட்டிக்கு அறுபதைத் தாண்டிய வயது இருக்கும். உள்ளூர்க்காரர். அவர் பேசிய, இந்த வட்டாரத்துச் சிங்பூ வழக்கு என் கணவரின் பள்ளிக்கூடச் சீனத்துக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியையும் அவர் தமிழில் தந்தபோது கால் பங்காகியிருக்கலாம். இருந்தாலும் அந்தப் பயணத்தில் நான் தெரிந்துகொண்டவற்றில் உருப்படியானவை அந்தப் படகில்தான் கிடைத்தன.

முதலில் துடுப்பு. படகின் பின்முனையில், குமிழ்த் தலையுள்ள ஓர் இரும்பு முளை. அதன் மேல் நீண்ட துடுப்பு ஒன்று, அடியில் குழி வெட்டிய கட்டையோடு, சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஆணியோ கட்டோ இல்லை. துடுப்பு நேராகவும் இல்லை, நடுவில் லேசாக வளைந்திருக்கிறது. கைப்பிடி முனையிலிருந்து ஒரு கயிறு படகின் தளத்துக்கு இறங்குகிறது. படகோட்டி நின்றபடி ஒரு கையால் துடுப்பையும் மறு கையால் கயிற்றையும் பிடித்துத் தள்ளுகிறார், இழுக்கிறார். ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் கயிறு இழுபட்டு, தண்ணீருக்குள் இருக்கும் அலகு தானே புரள்கிறது. மீனின் வாலுக்கு இருக்கும் வேலைதான். அலகு தண்ணீரை விட்டு வெளியே வருவதே இல்லை. பக்கவாட்டில் துடுப்பு வீச இடம் தேவையில்லை என்பதால், இரண்டு படகு அகலமே உள்ள கால்வாயிலும் ஓர் ஆள் மூட்டை ஏற்றிய படகைக் கொண்டுபோய்விடலாம். ஓசையும் இல்லை, அந்த முளையின் மேல் மரம் தேய்கிற முனகல் மட்டும்.

அடுத்தது கரை. தண்ணீர் மட்டத்திலிருந்து பார்க்கும்போதுதான் இந்த ஊர் எந்தப் பக்கம் பார்த்துக் கட்டப்பட்டது என்று விளங்குகிறது. தெருவில் நடப்பவருக்குத் தெரிவது கடை வாசல். தண்ணீரில் வருபவருக்குத் தெரிவது வீடு. ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலிருந்தும் கல் படி இறங்கித் தண்ணீருக்குள் போகிறது. சில படிகள் வீட்டுக் கூரைக்குள்ளேயே தொடங்குகின்றன. மழையில் நனையாமல் மூட்டை இறக்கலாம். கரைச் சுவரில் ஆங்காங்கே கல்லைத் துளைத்துச் செதுக்கிய கட்டுத்துறைகள். சில மாட்டு மூக்கைப் போல இரட்டைத் துளை, சில பூச்சாடி வடிவம், சில கொம்பு. ஒன்றின் அருகே படகு ஒதுங்கியபோது கையை நீட்டித் தொட்டேன். துளையின் கீழ் உதட்டில் கயிறு அறுத்த பள்ளம், விரல் புதையும் ஆழத்துக்கு இருந்தது. எத்தனை அரிசிப் படகு என்று அந்தப் பள்ளத்துக்குத்தான் தெரியும்.

மூன்றாவதுதான் அத்தை கேட்டது. “இவ்வளவு வாய்க்கா இருக்கே, யாருடா தூர் வாருறது?”

கணவர் கேட்டுச் சொன்னார். படகோட்டி துடுப்பை ஒரு கணம் நிறுத்திவிட்டு, இரண்டு கையாலும் இரண்டு கழிகளைப் பிடித்து விரித்து மூடுவதுபோல் காட்டினார். சிறுவயதில் அவரும் தன் தகப்பனோடு அந்த வேலை செய்திருக்கிறார். இரண்டு மூங்கில் கழிகளின் நுனியில் வலைப்பை. படகில் நின்றபடி அதை அடிமட்டத்துக்கு இறக்கி, கழிகளை நெருக்கினால் ஒரு வாய் சேறு பிடிபடும். தூக்கிப் படகில் கொட்ட வேண்டும். படகு நிறைந்ததும் வயலோரக் குழியில் கொட்டி, வைக்கோலும் பசுந்தாளும் கலந்து புளிக்கவைத்து, நடவுக்கு முன் வயலில் போடுவார்கள். குளிர்காலம் முழுக்க அதுதான் வேலையாம்.

இதை நான் வேறோர் இடத்தில் படித்திருந்தேன். எஃப்.எச். கிங் என்ற அமெரிக்க மண்ணியல் அறிஞர் 1909இல் சீனா, கொரியா, ஜப்பான் நாடுகளில் சுற்றி, இங்கே நாற்பது நூற்றாண்டுகளாக ஒரே நிலத்தை உழுதும் அது எப்படி உரம் இழக்கவில்லை என்று ஆராய்ந்தார். அவர் இறந்த பிறகு 1911இல் வெளியான அவருடைய புத்தகத்தில் கால்வாய்ச் சேற்றை வயலுக்குச் சுமக்கும் குடியானவர்கள் பக்கம் பக்கமாக வருகிறார்கள். அவர் கவனித்தது உரத்தை. அத்தை கவனித்தது வாய்க்காலை. இரண்டும் ஒரே வேலைதான். ஊர்க் கால்வாயைச் சுத்தம் செய்ய அரசு ஆள் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. வயலுக்குச் சேறு வேண்டியிருந்தது, அதனால் கால்வாய் ஆழமாக இருந்தது. ரசாயன உரம் மலிவாகக் கிடைத்ததும் சேறு எடுப்பது நின்றது. படகுகள் போய் லாரிகள் வந்ததும் ஆழம் யாருக்கும் தேவைப்படவில்லை. இப்போது இயந்திரம் வைத்துத் தூர் வாருகிறார்கள், கதவணை வைத்து மட்டத்தைப் பிடித்துவைக்கிறார்கள். செலவு அரசுக்கு.

“நம்ம ஊர்லயும் குடிமராமத்துன்னு இருந்துச்சு. வண்டல அள்ளி வண்டியில ஏத்திக்கிட்டுப் போவாங்க” என்றார் அத்தை. மொழிபெயர்க்கச் சொல்லி அடம்பிடித்தார். கணவர் ஏதோ சொன்னார். படகோட்டி பலமாகத் தலையாட்டினார். என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை.

இந்தப் பழைய ஊர் இடிபடாமல் தப்பித்ததற்கு ரயிலையும் காரணமாகச் சொல்ல வேண்டும். ஷாங்காயிலிருந்து நான்ஜிங்குக்கு 1908இலும் ஹாங்ஜோவுக்கு 1909இலும் பாதை முழுமையானது. ஒன்று வடக்கே குன்ஷான் வழியாகப் போனது, மற்றது தெற்கே சோங்ஜியாங் வழியாக. ஜூஜியாஜியாவ் இரண்டுக்கும் நடுவே, எதிலும் ஒட்டாமல் நின்றுபோனது. சரக்கு மெல்ல மெல்லத் தண்டவாளத்துக்கு மாற, இங்கே புதிதாகக் கட்டப் பணம் இல்லை. பணம் இல்லாததால் இடிக்கவும் இல்லை. 1958 வரை இந்த ஊர் ஷாங்காயைச் சேர்ந்ததுகூட இல்லை. சிங்பூ வட்டம் முழுக்க ஜியாங்சு மாகாணத்தில் இருந்தது. பழைமை என்று இதற்குப் பட்டயம் கிடைத்தது பிற்பாடுதான். 2007இல் தேசிய அளவிலான வரலாற்றுப் பண்பாட்டு ஊர்களின் பட்டியலில் சேர்ந்தது.

படகிலிருந்து இறங்கி வடக்குப் பெருந்தெருவுக்குள் போனோம். பெயரில்தான் பெருந்தெரு. இரு பக்கக் கூரைகளும் மேலே கிட்டத்தட்ட முட்டிக்கொள்ள, நடுவே ஒரு கோடு வானம். சனிக்கிழமைக் கூட்டம் அதற்குள் வந்து சேர்ந்திருந்தது. இந்தத் தெருவைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பட்டு விசிறி, மரச்சீப்பு, பொரித்த நாற்றத் தோஃபு, எல்லாக் கால்வாய் ஊரிலும் விற்கும் அதே காந்த பொம்மை. கடைக்காரர்களில் பலர் வெளி மாகாணத்தவர். வீட்டுக்காரர்கள் வாடகைக்கு விட்டுவிட்டுப் புது அடுக்குமாடிக்குப் போய்விட்டார்கள். 1877இல் தொடங்கிய தோங் தியன்ஹ மருந்துக் கடை மட்டும் நிற்கவைத்தது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேரின் பெயர். அத்தை தன் முழங்காலைக் காட்டினார். கடையில் இருந்த பெண் ஒரு பட்டையை எடுத்துக் காட்டி, கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும் என்று சைகை செய்தாள். வாங்கவில்லை, முகர்ந்து பார்த்துவிட்டு, “கசப்பா இருக்கும்” என்று திருப்பிக் கொடுத்தார்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இந்த ஊரின் பெருமை பன்றி. கொழுப்பும் சதையும் வரிவரியாக உள்ள துண்டைச் சதுரமாக வெட்டி, வைக்கோல் தாளால் இறுக்கிக் கட்டி, சோயாக் குழம்பில் மணிக்கணக்கில் வேகவைக்கிறார்கள். கட்டு இருப்பதால் எவ்வளவு வெந்தாலும் துண்டு உதிர்வதில்லை. கடைக்குக் கடை வாசலில் பெரிய வாணலியில் அது கொதித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் கிழவிகள் உட்கார்ந்து சோங்சி கட்டுகிறார்கள். இரண்டு இலையைக் கூம்பாகச் சுருட்டி, ஒட்டும் அரிசியைப் போட்டு, நடுவில் இறைச்சியோ பயற்று விழுதோ வைத்து, மேல் இலையை மடித்து, நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு மறு முனையால் சுற்றிச் சுண்டுகிறார்கள். கைகள் தங்கள் பாட்டுக்கு வேலை செய்ய, வாய் பக்கத்துக் கிழவியோடு சண்டை போடுகிறது. நூலைக் கடித்துக்கொண்டே.

அத்தை சுத்த சைவம். பயற்று விழுது வைத்ததைத் தரலாம் என்று பார்த்தால், விழுதில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது இந்தப் பக்கத்து வழக்கம். விசாரிக்காமல் வாங்கக்கூடாது. உள்ளே எதுவும் வைக்காத வெறும் அரிசிச் சோங்சி ஒன்று உண்டு. அதைச் சர்க்கரையில் தொட்டுச் சாப்பிட வேண்டும். இலை வாசனை இறங்கிய அந்த வெள்ளைச் சோறு அத்தைக்குப் பிடித்துப்போனது. கால்வாயைப் பார்த்த மாடிச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் தாமரைத் தண்டின் துளைகளில் ஒட்டரிசி அடைத்து ஒஸ்மாந்தஸ் பூப்பாகு ஊற்றியதையும், புகையில் வாட்டிய பச்சைச் சோயாப் பயறையும் சொன்னோம். அதற்கு மேல் நம்பிக்கை இல்லாமல் அத்தை பையிலிருந்து புளியோதரை டப்பாவை எடுத்தார். பரிமாறிய பெண் ஆட்சேபிக்கவில்லை. எட்டிப் பார்த்து, ஒரு தேக்கரண்டி வாங்கிச் சாப்பிட்டு, கண்ணீர் விட்டாள். மிளகாயால்தான்.

இதற்கு நடுவே என் கணவர் படகுத்துறையில் குடையை விட்டுவிட்டேன் என்று சொல்லிக் கீழே போனார். திரும்பி வரும்போது அவரிடம் குடை இல்லை, அன்னாசிப்பூ வாசனை இருந்தது. அத்தை ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, எனக்கு ஒரு துண்டு கொண்டுவந்திருக்கலாம்.

நகரக் காவல் தெய்வத்தின் கோயிலுக்குப் போனபோது கூட்டம் குறைவு. சீன நகரங்களில் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு தெய்வம் உண்டு. அரசு அதிகாரியைப் போலவே உடை, அதே மேசை, அதே கெடுபிடி. செத்தவர்களின் வழக்கை இவர்தான் முதலில் விசாரிப்பார் என்பது நம்பிக்கை. சந்நிதிக்கு எதிரே நாடக மேடை. கூத்து நடப்பது தெய்வம் பார்க்க, மனிதர்கள் தெய்வத்துக்கு முதுகைக் காட்டி நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மேலே ஒரு பெரிய மணிச்சட்டம் தொங்குகிறது. வணிகர்கள் வணங்கிய கோயிலில் வேறென்ன தொங்கும்? நீ ஆயிரம் கணக்குப் போட்டாலும் கடைசிக் கணக்கு மேலே இருக்கிறது என்பதுதான் அதன் பொருள் என்றேன். “சித்திரகுப்தன் இங்கயும் உத்தியோகம் பாக்குறானா?” என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கெஜி தோட்டத்துக்குச் சீட்டு எடுத்தோம். எடுக்காமல் இருந்தாலும் பாதகமில்லை. மா வென்சிங் என்ற செல்வந்தர் 1912இல் தொடங்கிப் பதினைந்து ஆண்டு கட்டியது. ஒரு பாதி படிக்க, ஒரு பாதி பயிர் செய்ய என்று திட்டம். கண்ட இடத்தில் பிடித்ததையெல்லாம் கொண்டுவந்து வைத்த மனிதரின் வீடு போல, சீன மண்டபத்தை ஒட்டி மேல்நாட்டு வளைவு வருகிறது. 2010இலிருந்து இந்தக் குளத்தின் கரையில் பியோனி மண்டபம் என்ற குன்ச்சு நாடகத்தைத் தோட்டத்தையே மேடையாக்கி நடத்தினார்கள். 1598இல் தாங் சியான்சு எழுதியது. நடிகர் ஜாங் ஜுன்னும் இசையமைப்பாளர் தான் துன்னும் சேர்ந்து அமைத்த வடிவம். இரவில், விளக்கும் தண்ணீரும் சேர்ந்தால் அந்தத் தோட்டத்துக்கு வேறு முகம் இருக்கும் என்று நம்புகிறேன். பகலில் அதைவிட எனக்குப் பிடித்தது அஞ்சலகம்.

சீனப் பேரரசின் அஞ்சல் துறை 1896இல்தான் பிறந்தது. அதுவரை மக்களுக்குப் பெரும்பாலும் தனியார் கடிதக் கடைகள்தான், இந்தப் பக்கத்தில் அவையும் படகில்தான். ஜூஜியாஜியாவின் அஞ்சலகம் 1903ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கால்வாயைப் பார்த்த இரண்டு மாடிக் கட்டடம். வாசலில் டிராகன் சுற்றிய வெண்கல அஞ்சல் பெட்டி, பின்னால் படித்துறை. மூட்டையில் கட்டிய கடிதங்கள் அந்தப் படி வழியாகத்தான் ஏறி இறங்கின. இப்போது உள்ளே காட்சிப் பொருள்கள், ஓர் ஓரத்தில் அட்டை விற்பனை. மகள் ஃபாங்ஷெங் பாலம் அச்சிட்ட அட்டை ஒன்றை வாங்கி, திருவாரூரில் இருக்கும் தாத்தாவுக்குத் தமிழில் எழுதினாள்: மீனை விட்டேன், பாட்டி பாலம் ஏறினாங்க, அப்பா குடையைத் தொலைச்சிட்டாங்க. முகவரியை மட்டும் நான் எழுதினேன். நாங்கள் எல்லோரும் அதை மறந்தே போன பிறகு அட்டை போய்ச் சேர்ந்தது. குடையைப் பற்றி தாத்தா தொலைபேசியில் விசாரித்தார்.

நாலு மணிக்கு மேல் தெருவில் நிற்க இடமில்லை. போக நினைப்பவர்களுக்கு என் யோசனை: வார நாளில், காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். கடைகள் திறக்கும் முன் படித்துறைகளில் துணி அலசும் பெண்களைப் பார்க்கலாம். படகை முதலில் முடித்துவிடுங்கள். தெருவைக் கடைசிக்கு வையுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். ஜூன் பாதியிலிருந்து ஜூலை முதல் வாரங்கள் வரை விடாத மழை, வேண்டாம். கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும், கைபேசியில் பணம் கட்டும் செயலி வேலை செய்யட்டும்.

திரும்பும் ரயிலில் ஒரு பள்ளி மாணவன் எழுந்து அத்தைக்கு இடம் கொடுத்தான். மகள் நின்றுகொண்டே தூங்கினாள். கணவர் காலையில் விட்ட வரைபடத்தை மறுபடி திறந்து, விரலால் ஓட்டிக் காட்டினார். மேற்கே டியன்ஷான் ஏரி. அதிலிருந்து கிளம்பும் தண்ணீர்தான் நாம் ஏறிய பாலத்தடியில் போகிறது. அதன் பிறகு 1970களில் வெட்டி நேராக்கிய டியன்பூ ஆறாகி, கிழக்கே ஓடி, ஹுவாங்பூவில் விழுகிறது. ஹுவாங்பூ நம் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிற அதே ஆறு.

“அது சேருற எடத்த ஒரு நாள் பாக்கணும்” என்றார் அத்தை.

“அங்க பாக்க ஒன்னுமே இல்லம்மா. ஒரு கதவணை இருக்கும், அவ்வளவுதான்.”

“கதவணையத்தான் பாக்கணுங்கிறேன். எத்தன கண்ணு, யாரு தொறக்குறா, எப்பத் தொறக்குறா, எல்லாம் கேக்கணும். நீ வந்து கேட்டுச் சொல்லு.”

அடுத்த சனிக்கிழமை அலுவலகத்தில் வேலை இருப்பதாகக் கணவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே என்றேன் நான்.